மீன்தொட்டியில் நீலப்பச்சைப் படலம்: வில்லிவாக்கத்து வீடு ஒன்றில் நிகழ்வு ஆய்வு

தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 159 லிட்டர் பிடிக்கும். மண், கல், கட்டை அடைத்த இடம் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் 130 லிட்டர் தேறும். மருந்தோ உரமோ எது போட்டாலும் இந்த 130-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். கடையில் சொல்லிக் கொடுத்த அளவை வைத்து அல்ல.

இடம் வில்லிவாக்கம். முதல் மாடி, கிழக்குப் பார்த்த ஹால். தொட்டிக்குச் சொந்தக்காரர் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுத்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லாருக்கும் டீச்சர், எனக்கும் அப்படியே. மீன்களில் கப்பி ஒரு கூட்டம், நாலைந்து மாலி, அடியில் மேயும் கோரி சில. செடிகளில் வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, கட்டையில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன். மேலே மிதக்கும் ஆகாயத்தாமரை யாரோ குளத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்ததாம். ஓடுவது டாப் ஃபில்டர்; தண்ணீர் இடது ஓரத்தில் விழுகிறது.

"தம்பி, இந்தப் பாசிய வழிச்சு எடுத்தா ரெண்டே நாள்ல பழையபடி போர்வை மாதிரி மூடிக்குது. நாத்தம் வேற. கூடத்துல உட்கார முடியல," என்றார். மார்ச் கடைசியில் ஆரம்பித்தது. நான் பார்த்தது மே மாதத்தில்.

அதற்குள் அவர் சும்மா இருக்கவில்லை. கடையில் கொடுத்த பாசி மருந்து ஒரு பாட்டில் காலி. பாசிக்குத் தீனி கிடைக்கக் கூடாது என்று மீனுக்கு உணவை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைத்தார், செடிக்கு ஊற்றிவந்த திரவ உரத்தை அடியோடு நிறுத்தினார், தண்ணீரை அடிக்கடி மாற்றினார். பாசியைத் தின்னும் என்று ஒரு சக்கர் மீனும் வாங்கி விட்டிருந்தார். மேசைமேல் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு அட்டை கிடந்தது. அடுத்த கட்டம் அதுதான் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

பச்சைப்பாசியாக இருந்திருந்தால் இதில் பாதியாவது பலன் கொடுத்திருக்கும். பலனே இல்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் தடயம்.

பார்த்ததும் தொட்டதும்

படலம் கருநீலம் கலந்த பச்சை. மண்மேல் தொடங்கி வாலிஸ்னேரியாவின் அடிவரை ஏறியிருந்தது. வலது பின்மூலையில், பெரிய கட்டைக்குப் பின்னால் மிகத் தடிப்பு. கண்ணாடிக்கும் மண்ணுக்கும் நடுவே, மண் மட்டத்துக்குக் கீழே, வலது பக்கக் கண்ணாடி நெடுக ஒரு விரற்கடை அகலத்துக்குக் கரும்பச்சைப் பட்டை. இடது பக்கக் கண்ணாடியில் அந்தப் பட்டை இல்லை. இதைக் குறித்துக்கொண்டேன்.

கையுறை போட்டுக்கொண்டு விரலால் ஓரத்தை நெருடினால் முழுசாக உரிந்து வருகிறது. வழுவழுப்பு. இழைப்பாசி இப்படி வராது, நூல் நூலாகச் சிக்கிக்கொண்டு இலையையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியில் பிடிக்கும் பச்சைப்புள்ளிப் பாசி பிளேடு இல்லாமல் பெயராது. பழுப்புத் தூளாகப் படிவது டயாட்டம், அது புதுத் தொட்டியின் தொல்லை. இந்தத் தொட்டிக்கு வயது மூன்றுக்கு மேல். அப்புறம் நாற்றம். புதுமழையின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை நீலப்பச்சை இனங்களில் பலவும் உண்டாக்குகின்றன. செறிவு கூடினால் அதே வாசனை சேற்று நாற்றமாகிவிடும். மூடியைத் தூக்கியதும் மூக்கில் ஏறியது அதுதான்.

இவ்வளவும் சேர்ந்தால் சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சை, என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஆனாலும் டீச்சர் வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டு வர முடியாது, நிரூபிக்கச் சொல்வார். இரண்டு சோதனை செய்தோம்.

முதலாவது வீட்டிலேயே யாரும் செய்யக்கூடியது. படலத்தில் கொஞ்சம் எடுத்து, சின்ன கிண்ணத்தில் தண்ணீரோடு ஃப்ரீசரில் ஓரிரவு வைத்தோம். மறுநாள் உருகவிட்டு அந்தத் தண்ணீரில் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நனைத்தால் வெளிர்நீலம் ஏறியது. உறைந்து உருகும்போது செல் உடைந்து, பைகோசயனின் என்ற நீல நிறமி தண்ணீரில் கரைந்து வெளியே வருகிறது. பச்சைப்பாசியில் அந்த நிறமி கிடையாது.

இரண்டாவது, தெரிந்த கல்லூரி ஆய்வகத்தில் நுண்ணோக்கி. கிளையில்லாத இழைகள், நெருக்கமான குறுக்குக் கோடுகள். ஒரு இழையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது நீளவாக்கில் மெதுவாக வழுக்கிப் போகிறது, முனை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. போனில் எடுத்த வீடியோவைக் காட்டியதும் டீச்சர், "ஆசிலடோரியா! வருஷா வருஷம் போர்டுல படம் போட்டிருக்கேன். நம்ம வீட்டுத் தொட்டியிலயே குடியிருக்கும்னு தோணவே இல்ல பாருங்க," என்று சிரித்தார்.

ஆசிலடோரியா வகை என்பதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். இனம் வரை போவது பெரிய வேலை. நம் நாட்டு நீலப்பச்சைகளை வகைப்படுத்திய பெருநூலை எழுதியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி.தேசிகாச்சாரி, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1959-ல் வெளியிட்டது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இனம் தேறலாம், சிகிச்சை மாறப் போவதில்லை.

சிகிச்சையை மாற்றுவது வேறொரு செய்தி: இது பாசி இல்லை, பாக்டீரியா. செல்லில் உட்கரு கிடையாது. ஒளிச்சேர்க்கை செய்யும், அதனால் பாசி வேஷம் பொருந்துகிறது. ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இந்தக் கூட்டத்தின் வேலையால்தான். கடையில் மாத்திரையாக விற்கும் ஸ்பைருலினாவும், அசோலாவின் இலைக்குள் இருந்து நெல்வயலுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்க்கும் அனபீனாவும் இதே கூட்டம். பாசி தின்னும் மீனும் நத்தையும் பெரும்பாலும் இதைத் தீண்டுவதில்லை. சக்கர் மீன் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததே ஒழிய, படலத்தில் வாய் வைக்கவில்லை.

சக்கரைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன். விரல் நீளத்தில் வாங்கும் இந்த மீன் ஒன்றரை அடி வரை வளரும். மூன்றடித் தொட்டிக்குப் பொருந்தாது. "வேலைக்கு ஆகலைன்னா வில்லிவாக்கம் ஏரியில விட்டுடலாமா?" என்று டீச்சர் கேட்டார். கூடவே கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன், இங்கே ஏரி குளங்களில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய தொட்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தோம்.

எண்கள் சொன்னது

வெப்பநிலை 32 டிகிரி. பி.எச். 8-ஐ ஒட்டி, போர் தண்ணீர், உப்பு அதிகம். அமோனியா, நைட்ரைட் இரண்டும் இல்லை. பாஸ்பேட் லிட்டருக்கு 2 மில்லிகிராம். நைட்ரேட் பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் டீச்சர் முகத்தில் திருப்தி. "தண்ணி அவ்ளோ சுத்தமா இருக்கு. அப்புறமும் ஏன் தம்பி?"

அந்தப் பூஜ்யத்தை நான் முதலில் நம்பவில்லை. நைட்ரேட் சோதனைக் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் தூள் படிந்து இறுகிவிடும். அதை அரை நிமிஷமாவது பலமாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால், நைட்ரேட் எவ்வளவு இருந்தாலும் மஞ்சளாகவே, அதாவது பூஜ்யமாகவே காட்டும். எத்தனையோ பேர் இதில் ஏமாந்து, நைட்ரேட் நிறைந்த தொட்டிக்கு மேலும் உரம் போட்டிருக்கிறார்கள். எனவே கிட்டையே சோதித்தோம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டரில் 13-0-45 என்ற பொட்டாசியம் நைட்ரேட் உரம் 1.74 கிராம் கரைத்தால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள கரைசல். அதில் 20 மில்லி எடுத்து இன்னொரு லிட்டர் டிஸ்டில்ட் வாட்டரில் கலந்தால் கிட்டத்தட்ட 20 மில்லிகிராம். கிட் அதை ஆரஞ்சாகச் சரியாகவே காட்டியது. தொட்டித் தண்ணீர் மறுபடியும் மஞ்சள். ஆக பூஜ்யம் நிஜம்.

செடிகளும் அதையே சொல்லிக்கொண்டிருந்தன. ஹைக்ரோஃபிலாவில் கீழ் இலைகள் மஞ்சளாகிக் கழன்றுகொண்டிருந்தன, நுனி மட்டும் சின்னதாக, பச்சையாக. தழைச்சத்து போதாதபோது செடி பழைய இலையிலிருந்து அதை உருவி நுனிக்கு அனுப்பும், அதன் அடையாளம் இது. ஆகாயத்தாமரையின் வேர்கள் ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கின. சத்தில்லாத தண்ணீரில் மிதக்கும் செடி அப்படித்தான் வேரை நீட்டும். கிடைத்த கொஞ்சநஞ்ச நைட்ரேட்டையும் அதுவே உறிஞ்சியிருக்கும்.

டீச்சர் விடவில்லை. "நீலப்பச்சைக்கு நைட்ரேட் எதுக்கு? அதுதான் காத்துல இருக்கற நைட்ரஜனையே எடுத்துக்குமே. அதனாலதான் பூஜ்யத்துலயும் வளருது, இல்லையா?"

நல்ல கேள்வி, மீன் வளர்ப்போர் பலரும் சொல்லும் விளக்கமும் அதுதான். ஆனால் அனபீனா, நாஸ்டாக் போன்றவற்றில் அந்த வேலைக்கென்றே ஹெட்டிரோசிஸ்ட் என்ற தனி செல் உண்டு, ஆசிலடோரியாவில் அது கிடையாது. அந்த வகையில் சில, ஆக்சிஜன் குறைந்த நேரத்தில் நைட்ரஜனை நிலைப்படுத்தும் என்பதும் உண்மைதான். இந்தத் தொட்டியில் இருந்தது அப்படிப்பட்டதுதான் என்று காட்ட எங்களிடம் சான்று இல்லை. அந்த விளக்கம் இல்லாமலேயே கதை புரிகிறது: தழைச்சத்து தீர்ந்து செடிகள் நின்றுவிட்டன. வெளிச்சம் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது, மண்ணில் மட்கும் கழிவு இருக்கிறது, அவற்றைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய செடி தூங்குகிறது. மண் மட்டத்தில், கழிவுக்கு ஒட்டிப் படரும் படலத்துக்கு இதைவிட வசதி வேண்டாம். பாசியைப் பட்டினி போடுகிறோம் என்று உரத்தை நிறுத்தியதில் பட்டினி கிடந்தது செடி.

ரெட்ஃபீல்ட் விகிதம் என்று ஒன்றை மீன்தொட்டிக்காரர்கள் அடிக்கடி இழுப்பார்கள்: நைட்ரஜன் 16 பங்குக்கு பாஸ்பரஸ் 1. ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1930-களில் கடல் மிதவை உயிர்களை அளந்து கண்டது அது. வில்லிவாக்கத்து போர் தண்ணீருக்கு அதைச் சட்டமாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாஸ்பேட்டை இறக்க எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

வலது பக்கம் மட்டும் ஏன்

இடதில் இல்லாத பட்டை வலதில் இருந்ததற்கு விடை ஜன்னலில் இருந்தது. பக்கத்து மனையில் நின்ற வேப்பமரத்தை, அடுக்குமாடி கட்டுவதற்காகப் பிப்ரவரியில் வெட்டியிருக்கிறார்கள். அதுவரை மறைந்திருந்த காலை வெயில் அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் போல தொட்டியின் வலது கண்ணாடியில், அதுவும் கீழ்ப்பகுதியில் நேராக விழுகிறது. தொல்லை ஆரம்பித்தது மார்ச் கடைசி. தேதி பொருந்துகிறது.

வெயில் தண்ணீரில் படுவதைவிட மண்ணின் பக்கவாட்டில் படுவது மோசம். கண்ணாடியோரம் மண்துகள்களுக்கு இடையில் வெளிச்சமும் உண்டு, மட்கும் கழிவும் உண்டு. நீரோட்டம் மட்டும் கிடையாது. படலம் அங்கே பாதுகாப்பாகக் குடியிருந்து, மேலே துடைத்தபோதெல்லாம் மறுபடி ஏறி வந்திருக்கிறது. துடைப்பதும் ஒரு வகையில் உதவிதான் செய்தது. இந்த இழைகள் நகரக்கூடியவை. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, நகக்கண் அளவு துண்டு ஒன்றை வைத்துவிட்டு டீச்சரோடு காபி குடித்து, ஊர்க்கதை பேசி, மதியச் சாப்பாடும் முடித்துவிட்டு வந்து பார்த்தோம். கட்டியாக வைத்த துண்டின் விளிம்பிலிருந்து சுற்றிலும் மெல்லிய இழைகள் கிளம்பியிருந்தன. தொட்டிக்குள் தேய்த்தால் பிய்ந்து பறக்கும் ஒவ்வொரு துணுக்கும் போய் உட்கார்ந்த இடத்தில் இதைத்தான் செய்யும்.

எல்.இ.டி. விளக்கு காலையில் எழுந்ததும் போட்டு, படுக்கப் போகும்போது அணைப்பது வழக்கம். ஃபில்டர் தண்ணீர் இடதில் விழுந்து இடதிலேயே சுழல்கிறது. கட்டைக்குப் பின்னால் உணவுத்தூளைத் தூவிப் பார்த்தால் அப்படியே செங்குத்தாக அடியில் இறங்கியது. அசைவே இல்லை.

மாத்திரை வேண்டாம் என்றது ஏன்

எரித்ரோமைசின் சயனோபாக்டீரியாவைக் கொல்லும். அதில் பொய் இல்லை, முழு அளவில் தொடர்ந்து போட்டால் சில நாளில் படலம் வெளுத்துவிடும். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அது மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. போட்ட தண்ணீர் கடைசியில் சாக்கடைக்குத்தான் போகும், அங்கே இருக்கும் கிருமிகளுக்கு அந்த மருந்தைச் சமாளிக்கப் பயிற்சி கொடுப்பது போலாகும். கடைக்காரர் சொன்ன அளவு வேறு 130 லிட்டருக்கு அரைகுறை. இதையெல்லாம் விட்டாலும், நைட்ரேட் பூஜ்யமாகவும் மூலை அசைவில்லாமலும் வெயில் மண்ணிலும் இருக்கும்வரை அடுத்த மாதம் படலம் திரும்ப வரும். தொட்டியைச் சில நாள் இருட்டில் மூடிவைப்பது இன்னொரு வழி; செடிகள் நலிந்துபோய் அந்த இருட்டைத் தாங்காத நிலையில், வேறு வழியே இல்லை என்றால் அதைப் பற்றி யோசிப்பேன். இந்தத் தொட்டி அந்த நிலையில் இல்லை.

யூ.வி. விளக்கு வாங்கலாமா என்றும் பேச்சு வந்தது. தண்ணீரே பச்சையாகும் தொட்டிக்கு அது கைகொடுக்கும். மண்ணில் ஒட்டிக் கிடப்பது விளக்கின் குழாய்க்குள் போனால்தானே சாகும்.

செய்தது

முதலில் உறிஞ்சி எடுத்தல். தண்ணீர் மாற்றும் தடித்த பைப் வேண்டாம், படலம் முடிவதற்குள் பாதித் தொட்டி காலியாகிவிடும். காற்று மோட்டாருக்கு மாட்டும் மெல்லிய டியூபை ஒரு குச்சியில் கட்டி, ஓரத்திலிருந்து உள்ளே போகப் போக படலம் துண்டு துண்டாக டியூபில் ஏறும். மதியத்துக்குமேல் செய்வது சுலபம். அதற்குள் படலத்தின் அடியில் ஆக்சிஜன் குமிழ்கள் சேர்ந்து அது மண்ணைவிட்டுத் தானே கிளம்பி நிற்கும். வாயால் உறிஞ்சித் தண்ணீரை இழுக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஈரலைத் தாக்கும் நச்சு சுரப்பவை உண்டு, நம் தொட்டியில் இருப்பது எது என்று தெரியாது. டியூபை நீரில் முழுக அமுக்கி நிரப்பி, நுனியை விரலால் அடைத்து வெளியே இறக்கினால் போதும்.

கண்ணாடியோரப் பட்டைக்குப் பழைய ஏ.டி.எம். அட்டையைச் செருகி, மண்ணை மெல்ல உள்பக்கம் ஒதுக்கி, டியூபைக் கூடவே நகர்த்தினோம். அழுகிய முட்டை வாடை கொஞ்சம் வந்தது, அவ்வளவு ஆழத்துக்குக் காற்றே போயிருக்கவில்லை. கிளறியதை அத்தோடு நிறுத்தினோம்.

அடுத்து உரம். 13-0-45 என்று வேளாண் கடைகளில் கிடைப்பது பொட்டாசியம் நைட்ரேட். 130 லிட்டரில் நைட்ரேட்டை 10 மில்லிகிராம் உயர்த்த இரண்டேகால் கிராம் போதும். டம்ளர் தண்ணீரில் கரைத்து ஃபில்டர் விழும் இடத்தில் ஊற்றினோம், மறுநாள் அதே அளவு இன்னொரு முறை. மாடித் தோட்டக்காரர்கள் வீட்டில் 19-19-19 கைவசம் இருக்கும், அதைத் தொடவே கூடாது. அதில் அமோனியமும் யூரியாவும் உண்டு. பி.எச். 8 உள்ள தண்ணீரில் அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும் பங்கு கூடுதல், மீன் தாங்காது.

ஆகாயத்தாமரையில் முக்கால் பங்கை எடுத்து உரக்குழியில் போட்டோம். கட்டைக்குப் பின்னால் சின்ன பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) ஒன்றை வைத்து, முகத்தை மண்ணோரமாகத் திருப்பினோம். உணவுத்தூள் இப்போது அந்த மூலையில் நிற்காமல் ஃபில்டர் பக்கம் போனது.

பிறகுதான் இருட்டு. மூன்று முழு நாள், நான்காம் நாள் காலையில் திறப்பது. கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மூடியின் இடுக்கையும் அடைத்தோம். உணவு கிடையாது, வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினியில் ஒன்றும் ஆகாது. திறந்து எட்டிப் பார்க்கக் கூடாது. டீச்சருக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தக் கட்டத்தில் மீன் சாவது பெரும்பாலும் இருட்டால் அல்ல, மூச்சுத் திணறலால். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில் 7.3 மட்டுமே. செடி ஆக்சிஜன் விடுவதில்லை, அதுவும் சுவாசிக்கத் தொடங்குகிறது. செத்த படலத்தை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் பங்குக்கு வரும். எனவே இரண்டு காற்றுக்கற்கள் இரவும் பகலும் ஓடின. மின்தடைக்கு பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றும் பக்கத்தில் தயாராக இருந்தது.

திறந்தபோது படலம் சாம்பல் பூத்து, தொட்டதும் கரைந்தது. வாலிஸ்னேரியா வெளிறியிருந்தது, சாகவில்லை. கிடந்ததை உறிஞ்சிவிட்டு நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்றினோம், ஆன்டி-குளோரின் கலந்து. அமோனியா சோதனையில் லேசாகப் பச்சை தட்டியது, மறுநாள் இன்னொரு சிறு மாற்றத்தில் இறங்கிவிட்டது.

அனுபியாஸ் கிழங்கிலும் கட்டையின் ஒரு பிளவிலும் மட்டும் உயிரோடு மிச்சம் இருந்தது. அதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. இங்கே ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் அளவெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு. நம் மருந்துக்கடையில் '20 வால்யூம்' என்று போட்டு வருவது 6 சதவீதம், நேர் இரண்டு பங்கு. லேபிளைப் படிக்காமல் ஊற்றினால் செடியும் வேகும், மீனின் செவுளும் வேகும். ஃபில்டரை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சில் மொத்தம் 10 மில்லி மட்டும், படலத்தை ஒட்டி மெதுவாக விட்டோம். உடனே நுரைத்தது. பத்து நிமிஷம் கழித்து ஃபில்டரைப் போட்டால் அது தொட்டி முழுவதும் கலந்து லிட்டருக்கு 4.6 மில்லிகிராம் ஆகும், பிறகு தானே தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். பச்சைப்பாசியைவிட நீலப்பச்சைக்கு இது கடுமையாக உறைக்கிறது. நெதர்லாந்தில் 2009-ல் ஒரு சிறு ஏரி முழுவதற்கும் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கலந்து, ஆசிலடோரியாவுக்கு உறவான பிளாங்டோத்ரிக்ஸை மட்டும் பெருமளவு ஒழித்து, மற்ற மிதவை உயிர்களை விட்டுவைத்தார்கள். அங்கே இழைகள் தண்ணீரில் தனித்தனியாக மிதந்தன. தடித்த படலத்துக்குள் மருந்து இறங்க இன்னும் கூடுதல் செறிவு தேவை, அதனால்தான் சிரிஞ்ச். அடுத்த சில நாளில் அந்தத் துண்டுகள் இளஞ்சிவப்பாகி உதிர்ந்தன.

அதன் பிறகு

வலது கண்ணாடியின் வெளிப்பக்கம், மண் மட்டத்துக்கு ஒரு விரல் மேல் வரை கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டியாகிவிட்டது. விளக்கு டைமரில் ஏழு மணி நேரம் எரிகிறது. மீனுக்குத் தினம் ஒருவேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு. ஹைக்ரோஃபிலா கைவிரல் அளவு இலைகளோடு மேலே வந்து, இப்போது மாதம் ஒருமுறை கத்தரிக்க வேண்டியிருக்கிறது. பாஸ்பேட் இன்னும் அதே 2-தான், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

ஆடி மாதம் டீச்சர் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பவர்ஹெட்டில் இலை சிக்கி நின்றுபோனது. திரும்பி வந்து பார்த்தால் கட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலம் படலம். எனக்குப் போன் செய்தார். நான் போவதற்குள் அவரே இலையை எடுத்துவிட்டு, டியூபால் உறிஞ்சிவிட்டு, நைட்ரேட்டையும் பார்த்துவிட்டார். 10 இருந்தது. இருட்டும் வேண்டியிருக்கவில்லை, பெராக்சைடும் வேண்டியிருக்கவில்லை. நைட்ரேட் சரியாக இருந்தும் அசைவு நின்ற மூலையில் படலம் தலைகாட்டியது. செடிகள் வளர்ந்துகொண்டிருந்த மற்ற இடங்களுக்கு அது நகரவில்லை. தழைச்சத்து மட்டுமே காரணம் என்று நான் வாதாடாததற்கு இது ஒரு ஆதாரம்.

இப்போது ஞாயிறு தோறும் இரண்டேகால் கிராம் உரம், நகைத் தராசில் நிறுத்து. கடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்து பாக்கெட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கணக்கில் அது எட்டு வருஷத்துக்கு மேல் வரும் என்பதால், கால் கிலோவை டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை எதிர்வீட்டு மாடித் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்.